நீட்டு முடி சிஸ்டம்: லேஸா, ஸ்கின்னா, மோனோவா, இல்லாட்டி கிளிப் டொப்பரா? திருகோணமலை வெக்கைக்கு எது தாங்கும்

முடி இல்லாத இடத்தில ஒட்டுற முடித்துண்டைத்தான் சிஸ்டம் எண்டுறது, அதை எடுக்கப் போற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது எது ஆக மெல்லிசு, எது கண்ணுக்குத் தெரியாது எண்டுதான். கட்டை முடிக்கு அது சரியான கேள்வி, நீட்டு முடிக்கு அது மூண்டாவது கேள்வி. முதலாவது, அந்த பேஸ், அதாவது முடி கட்டியிருக்கிற அடித்தளம், முடியின்ர பாரத்தைத் தாங்குமா. ரெண்டாவது, உங்கட கிழமை எப்பிடிப் போகுது, எத்தினை தரம் தலைக்கு முழுகுறீங்கள், ஸ்கூட்டியில ஹெல்மெட் போட்டு வேலைக்குப் போறீங்களா, பின் பக்கம் நேராப் பிடிச்சு ஒட்ட வீட்டில ஒரு ஆள் இருக்கா. இதைப் பாக்காம படத்தைப் பாத்து எடுத்த ஆக்கள் கனபேர் ரெண்டு மாசத்தில அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினதை நான் கண்டிருக்கிறன்.

இன்னும் ஒண்டு. முடி கொட்டத் தொடங்கின உடனே இதுக்கு ஓடாதேங்கோ. தைரொயிட், இரும்புச்சத்துக் குறைவு, பிள்ளை பிறந்த பிறகு கொட்டுறது, இதெல்லாம் மருந்தோடயோ காலத்தோடயோ திரும்பி வாற வகை, புழுவெட்டும் கனபேருக்குத் தானா வளரும். நடு உச்சி வருசா வருசம் அகண்டுகொண்டு போறதுதான் பரம்பரை வகை, அது பிடிச்ச பிடியை லேசில விடாது. எது எண்டு ஒரு தோல் டொக்டர்ட்ட காட்டித் தெரிஞ்சுகொண்டு வாங்கோ. தலையில புண்ணோ செதில் செதிலாச் சிவந்த தோலோ இருந்தா ஒட்டுற கதையே வேண்டாம். கீமோ எடுக்கிற ஆக்களுக்கும் ஒட்டுறது கூடாது, மெல்லிய துணித் தொப்பியில தைச்ச விக் காணும்.

சரி, விசயத்துக்கு வாறன். சிஸ்டம் எண்டா தலை முழுக்கக் கவுக்கிற விக் இல்லை, முடி இல்லாத இடத்தின்ர அளவுக்கு ஒரு மெல்லிய பேஸ், அதில கையால ஒவ்வொண்டா முடிச்சுப் போட்ட முடி, அதை ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பாலயோ பசையாலயோ தோலில ஒட்டுறது. ஒட்டுறதெண்டா அந்த இடத்தை வழிக்க வேணும், ஏனெண்டா அடியில வளருற முடி பேஸைத் தூக்கும், ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வழிக்க வேணும். ஆம்பிளையளுக்கு இது பெரிய விசயமாத் தெரியாது, பொம்பிளையளுக்கு இதுதான் முதல் முடிவு. உச்சியில இன்னும் அரைவாசி முடி கிடக்கு எண்டா அதை வழிச்சுப்போட்டு ஒட்டுறதுக்கு எனக்கு மனம் வராது, கிளிப் போட்ட டொப்பர்தான் சொல்லுவன். அதுவும் அதே மாதிரி பேஸ்தான், ஓரத்தில நாலஞ்சு கிளிப், காலமை போட்டு இரவு கழட்டலாம், தலையும் காத்து வாங்கும், எண்ணெய் வைக்கிறதெண்டாலும் கழட்டிப்போட்டு வைக்கலாம். கிளிப் ஒரே இடத்தில ஒவ்வொரு நாளும் இழுத்தா அந்த இடத்து முடியும் போகும், அதால கிழமைக்குக் கிழமை கிளிப்பை ஒரு விரல்க்கடை தள்ளிப் போட வேணும். பாரம் கூடக் கூட இழுவையும் கூடும், அதால டொப்பருக்கு 16 இஞ்சிக்கு மேல கேக்காதேங்கோ.

தலையில பிடிக்கிறதுக்கு முடியே இல்லை எண்டா கிளிப் கதை முடிஞ்சுது, பிறகு முழு விக்கா ஒட்டுற சிஸ்டமா எண்டதுதான். முழு விக்கைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. கலியாணத்துக்கு, போட்டோவுக்கு நல்லம், ஆனா சித்திரை வைகாசி வெயிலில மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா கழுத்தாலயும் காதாலயும் தண்ணி ஓடும். செயற்கை முடி விக் மலிவு, ஆனா அடுப்படியில குனிஞ்சு சட்டியைத் திறக்கேக்க வாற ஆவிக்கே முன் முடி சுருண்டு தும்பாப் போகும், அதைத் திரும்ப நேராக்க ஏலாது. வீட்டில சமைக்கிற ஆள் எண்டா செயற்கை முடிப் பக்கம் போகவேண்டாம்.

பேஸுக்கு வருவம், குழப்பம் எல்லாம் இதுக்கைதான். ஸ்கின் எண்டுறது கண்ணாடி நிறப் பொலிதீன் மாதிரி ஒரு படலம், 0.03 மில்லிமீற்றரில இருந்து 0.1, 0.12 மட்டும் தடிப்பில வரும். 0.03 போட்டா பக்கத்தில வந்து பாத்தாலும் பேஸ் தெரியாது, உண்மைதான், ஆனா அதில முடி முடிச்சில நிக்கிறேல்ல, வளையமா உள்ள கொழுவித்தான் நிக்கும், கட்டை முடிக்கே அது ஒண்டு ரெண்டு மாசம்தான் நிக்கும், 14 இஞ்சி முடியைப் பின்னி இழுத்தா ஒவ்வொரு சீவலுக்கும் சீப்பில முடி வரும். நீட்டு முடிக்கு ஸ்கின்தான் வேணும் எண்டு நிண்டா 0.08க்குக் கீழ இறங்காதேங்கோ. ஸ்கின்னில நல்லது எண்டா சுத்தம் செய்யிறது, டேப்பை உரிச்சு ஒரு துடை துடைச்சாக் காணும். கூடாதது வேர்வை. படலத்துக்குக் கீழ வாற வேர்வைக்குப் போக வழி இல்லை, பசையோட கலந்து வெள்ளைக் களியா ஓரத்தால வரும், எங்கட ஊர்ப் புழுக்கத்துக்கு இது சின்னக் கரைச்சல் இல்லை.

லேஸ் இதுக்கு நேர்மாறு. வலைத்துணி, காத்தும் வேர்வையும் தாராளமாப் போகும், முன் நெத்திக் கரையில அதை விட இயற்கையா ஒண்டும் இல்லை. ஸ்விஸ் லேஸ் ஆக மெல்லிசு, கெதியாக் கிழியும், பிரெஞ்சு லேஸ் கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் உழைக்கும். ஒவ்வொரு நாளும் போட்டா பிரெஞ்சு லேஸ் மூண்டு நாலு மாசம், பக்குவமாப் பாவிச்சா அதுக்கு மேலயும். லேஸில முடிச்சு சின்னக் கறுப்புப் புள்ளியாத் தெரியும், அதை மறைக்க முடிச்சை வெளுப்பாக்கித் தருவினம், வெளுப்பாக்கினா முடிச்சும் பலம் கெடும், அதால முன் பக்கம் அரை இஞ்சிக்கு மட்டும் வெளுப்பாக்கச் சொல்லுங்கோ. முழுக்க வேண்டவே வேண்டாம். எங்கட ஆக்களின்ர தலைத்தோல் நிறத்துக்கு மண்ணிற லேஸ் எடுத்தா புள்ளி அரைவாசி தானா மறைஞ்சிடும், ஓடர் பண்ணேக்க ஒண்டும் சொல்லாட்டி வெள்ளைக்காரத் தோல் நிறத்திலதான் கனதரம் வந்து சேரும். லேஸில பெரிய தலையிடி பசை. ஓட்டையால மேல ஏறி முடியின்ர வேரில ஒட்டிக்கொள்ளும், நீட்டு முடியில அது ஒரு சிக்கா மாறினா பிறகு கத்திரிக்கோல்தான்.

மோனோ எண்டுறது நைலோன் நூலில நெருக்கமா நெய்த தடிச்ச துணி. முன்கரையில போட்டா தெரியும், அதால நெத்தி முழுக்க முடியை மேல இழுத்துச் சீவுற ஆக்களுக்குச் சரிவராது. ஆனா பாரம் தாங்கிறதில அதுதான் ராசா, ஆறு மாசம், கவனமாப் பாத்தா ஒரு வருசமும் போகும், பின்னலாம், கொண்டை போடலாம், முடி கெதியாக் கழராது.

இப்ப என்ர முடிவு. நீட்டு முடிக்கு தனி லேஸும் வேண்டாம், தனி ஸ்கின்னும் வேண்டாம், கலப்பு பேஸ் எடுங்கோ. நடுவில மோனோ, ரெண்டு பக்கமும் பின்னாலயும் ஒரு இஞ்சி அகலத்துக்கு ஸ்கின் பட்டி, முன்னால அரை இஞ்சி லேஸ். டேப் ஸ்கின் பட்டியில மட்டும் ஒட்டும், துடைக்கிறது சுகம், நடுவால வேர்வை போகும், முன்கரை பாக்க இயற்கையா இருக்கும். ஆக மெல்லிசா இல்லையே எண்டு கேப்பீங்கள், நீட்டு முடி கீழ விழுந்து ஓரத்தை எல்லாம் தானே மறைக்கும், பேஸ் ஓரம் வெளியில தெரியிற பயம் கட்டை முடிக்காரருக்குத்தான். பெரிய நீட்டு முடி வச்ச ஆம்பிளையளுக்கும் இதே கதைதான், ஆனா முடியை இறுக்கி மேல தூக்கிக் குடுமி கட்டுற ஆள் எண்டா முன்னால லேஸைக் கொஞ்சம் கூட்டி எடுக்க வேணும்.

முடியின்ர தரத்தில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ. ரெமி எண்டு சொல்றது முடியின்ர வேர் எல்லாம் ஒரு பக்கமும் நுனி எல்லாம் ஒரு பக்கமும் இருக்கிற முடி, அதால முடியில இருக்கிற செதில் எல்லாம் ஒரே திசையில படுத்திருக்கும். அப்பிடி இல்லாம கலந்து கட்டின முடியை அமிலத்தில போட்டுச் செதிலை எடுத்து, சிலிக்கோன் பூசிப் பளபளப்பா அனுப்புவினம், முதல் ரெண்டு மூண்டு முழுக்குக்கு ராணி மாதிரி இருக்கும், பூச்சுக் கழண்ட பிறகு பிடரியில கட்டிக்கொள்ளும். கட்டை முடியில இது பெரிசாத் தெரியாது, 14 இஞ்சியில வாழ்க்கையே சிக்கெடுக்கிறதில போகும். எங்களுக்கு இந்திய ரெமிதான் பொருத்தம், சீன முடி தடிப்பு, நேரா ஊசி போல நிக்கும், எங்கட காதுக்குப் பக்கத்தில இருக்கிற மெல்லிய அலை முடியோட சேராது. திருப்பதியில நேத்திக்கு இறக்கின முடியை தேவஸ்தானமே ஏலத்தில விக்குது, இந்திய முடி கனக்க சீனாவுக்குப் போய் சிங்டாவ், ஷுசாங் பக்கத்துத் தொழிற்சாலையளில முடிச்சுப் போட்டு வரும், ஆரோ ஒரு அம்மாவின்ர நேத்தி அவ்வளவு தூரம் சுத்தி கோணேசர் பக்கம் வந்து சேருது எண்டு நினைச்சா எனக்கு எப்பவும் ஒரு மாதிரி இருக்கும்.

ஓடர் குடுக்க முதல் முடிச் சாம்பிள் கேளுங்கோ, தராத இடத்தில எடுக்காதேங்கோ. சாம்பிளை உங்கட கிணத்துத் தண்ணியில ஷம்பூ போட்டு மூண்டு நாலு தரம் கழுவி, வெயில் படாமக் காய வைச்சு, பிறகு நுனியில இருந்து வேர்ப் பக்கமா விரலால உருவிப் பாருங்கோ. ரெமி எண்டா அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கும், வேரில இருந்து நுனிக்கு வழுக்கும். ரெண்டு பக்கமும் பிடிச்சா கலந்த முடி. ஒரு இழையை நெருப்பில காட்டினா உண்மை முடி கருகிச் சாம்பலாகும், முடி கருகின மணம் வரும், பிளாஸ்டிக் எண்டா உருகி மணியாத் திரளும்.

நீளத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்றன். தலைமுடி மாசத்துக்கு அரை இஞ்சி அளவுதான் வளரும், அப்ப 14 இஞ்சி முடியின்ர நுனிக்கு ரெண்டு வயசுக்கு மேல, 22 இஞ்சி எண்டா மூண்டரை வயசு கடந்த நுனி. அதுவும் வெட்டின பிறகு தலையில இருந்து எண்ணெய்ப்பசை ஒண்டும் போகாத முடி. இடுப்பு மட்டும் சடை வேணும் எண்ட ஆசை எனக்கும் விளங்குது, ஆனா நுனி வெடிச்சு வறண்ட 22 இஞ்சியை விட தோள் தாண்டின 14 இஞ்சி ஆயிரம் மடங்கு நல்லம். பின்னலுக்கு நீளம் வேணும் எண்டா கீழ சவரி சேத்துப் பின்னுங்கோ, எங்கட அம்மம்மாக்கள் செய்ததுதானே, அதின்ர பாரம் பேஸில விழாம உங்கட சொந்தப் பிடரி முடியில கட்டிவிடுங்கோ. அடர்த்திக்கு 130 சதவீதம் எண்டு கேக்காதேங்கோ, உச்சியில பொம்மைத் தலை போல எழும்பி நிக்கும், 90, 100 காணும், நாப்பது வயசுக்கு மேல எண்டா 80ம் காணும். நிறம் 1 எண்டது மைக் கறுப்பு, சாயம் அடிச்ச மாதிரித் தெரியும், வெயில் பட்ட எங்கட ஆக்களின்ர முடிக்கு 1பி, அதாவது கொஞ்சம் மங்கின கறுப்புத்தான் பெரும்பாலும் பொருந்தும், உங்கட பிடரி முடியில ஒரு கத்தை வெட்டி அனுப்பினா இன்னும் நல்லம்.

ஒட்டுறதில டேப்பா பசையா. டேப் துவக்கக்காரருக்கு, நீட்டு முடிக்கும் அதுதான் என்ர பக்கம், ஏனெண்டா முடி பசையில படாது. தண்ணி அடிப்படையில செய்த பசை, கோஸ்ட் பாண்ட் மாதிரி, வெள்ளையாப் பூசி நிறம் போகுமட்டும் காய விட்டு மெல்லிசா நாலு தரம் பூசுறது, முன் லேஸ் கரைக்கு மட்டும் பாவிக்கலாம். டேப் பெட்டியில எத்தினை கிழமை நிக்கும் எண்டு போட்டிருந்தாலும் எங்கட வெக்கைக்கு அதில பாதி எண்டு வையுங்கோ, கச்சான் காத்துக் காலத்தில ரெண்டு கிழமை நிண்டா சந்தோசம். எதுக்கும் முதல் முழங்கை மடிப்பில ஒரு துண்டு டேப் ஒட்டி ரெண்டு நாள் பாருங்கோ, சிவந்தா, கடிச்சா அந்த வகை உங்களுக்கு இல்லை.

கழட்டுறதிலதான் பொறுமை வேணும். முடியை நாலு பிரிவாக் கட்டி மேல குத்திப்போட்டு, தோடம்பழத் தோலில இருந்து எடுக்கிற வகைக் கரைப்பானை சின்னத் தூரிகையில தொட்டு ஓரத்தில சொட்டுச் சொட்டா விட்டிட்டு அஞ்சு நிமிசம் சும்மா இருங்கோ. பஞ்சியில இழுத்தா ஸ்கின் பட்டி நீண்டு அலை அலையா வந்திடும், பிறகு எந்த டேப்பும் தட்டையா ஒட்டாது. அஞ்சு நிமிசத்தால ஒரு மூலை தானா எழும்பும், அந்த இடுக்குக்குள்ள திரும்ப ஒரு சொட்டு, விரலால உருட்டி உருட்டிப் போகப் போக முழுக்கக் கழண்டு வரும். இந்தக் கரைப்பானும், துடைக்கிற ஸ்பிரிட்டும் கெதியா நெருப்புப் பிடிக்கும், அடுப்படியிலயோ சாமி விளக்குக்குப் பக்கத்திலயோ வச்சுச் செய்யாதேங்கோ.

கழுவுறதுக்கு வாளியில முக்கிக் கசக்கிறது, பேசனுக்குள்ள போட்டுத் துவைக்கிறது எல்லாம் வேண்டாம். பேஸை உள்ளங்கையில விரிச்சுப் பிடிச்சு, தண்ணி வேரில இருந்து நுனிக்கு மட்டும் ஓட விடுங்கோ. சல்பேட் இல்லாத ஷம்பூவை முதல் தண்ணியில கரைச்சு ஊத்தி, விரலைக் கீழ்நோக்கி மட்டும் ஓட்டுங்கோ. சீயாக்காய், அரப்பு எல்லாம் உங்கட சொந்தத் தலைக்கு வையுங்கோ, இந்த முடியைச் சொரசொரப்பாக்கிப் போடும், தூள் முடிச்சுக்குள்ள இருந்து போகவே போகாது. கண்டிஷனர் பாதியில இருந்து நுனிக்கு, முடிச்சில பட்டா முடிச்சு வழுக்கிக் கழரும். எங்கட பக்கம் சில கிணத்துத் தண்ணி சவர், கடைசி அலசலுக்கு குடிக்கிற தண்ணி ஒரு போத்தல் எடுத்து ஊத்துங்கோ, மாரி காலத்தில மழைத்தண்ணி பிடிச்சு வச்சா இன்னும் விசேசம். துவாயால ஒத்தி எடுத்து, கவுத்து வச்ச குடத்துக்கு மேல சுத்தமான துணி போட்டு அதில விரிச்சுக் காய விடுங்கோ, நிழலில. சாம்பிராணிப் புகை காட்டுற பழக்கம் இருந்தா அதையும் சொந்த முடியோட நிப்பாட்டுங்கோ. அகலப் பல்லுச் சீப்பால நுனியில இருந்து தொடங்கி மேல போங்கோ, மற்றக் கையால நடுவில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, அப்பதான் இழுவை பேஸுக்குப் போகாது.

எண்ணெய்தான் வீட்டுக்குள்ள பெரிய சண்டை. "என்ன பிள்ளை, தலை வறண்டு போய்க் கிடக்கு, ரெண்டு சொட்டு எண்ணெய் தேய்க்கக்கூடாதா" எண்டு மாமி கேட்டா, "நுனிக்கு வைக்கிறன் மாமி" எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே செய்யுங்கோ, நுனிக்கு ரெண்டு சொட்டு நல்லதுதான். உச்சிக்குப் போனா டேப் வழுகும், அண்டைக்குப் பின்னேரமே ஓரம் எழும்பும்.

கடல் விசயம். உப்புவெளி, நிலாவெளி எண்டு இருந்துகொண்டு கடலுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்ல ஏலாதுதானே, போக முதல் நல்ல தண்ணியில முடியை நனைச்சு, கொஞ்சம் கண்டிஷனர் பூசி, பின்னிக் கட்டுங்கோ, ஏற்கனவே நனைஞ்ச முடி உப்புத்தண்ணியைக் குறைவா உறிஞ்சும். வந்த உடனே அலசுங்கோ, அடுத்த நாளைக்கு விடாதேங்கோ. கன்னியா வெந்நீர் ஊத்தில வாளியால அள்ளித் தலையில ஊத்துறது டேப்புக்குக் கூடாது, கழுத்துக்குக் கீழ ஊத்துங்கோ. கோணேசர் மலைக்கு ஏறேக்க அடிக்கிற காத்து முன் லேஸுக்குப் பெரிய சோதனை, அண்டைக்கு முன்கரையைப் புதுசா ஒட்டிட்டுப் போங்கோ. வெயிலில கறுப்பு முடி ஒரு ரெண்டு மாசத்தில செம்பட்டைக்குத் திரும்பும், குடையோ சீலைத் தலைப்போ உதவும்.

ஹெல்மெட் பிடரியில உரசுறதாலதான் கனபேருக்குச் சிக்கு விழுது, தளர்வாப் பின்னி முன்னுக்குப் போட்டிட்டு வழுக்குத் துணி ஒண்டைத் தலைக்குக் கட்டி ஹெல்மெட்டைப் போடுங்கோ. பர்தா போடுற கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆக்களுக்கும் அதே, உள்ளுக்குப் போடுற தொப்பி சாட்டின் எண்டா நல்லம், ஊசியை பேஸுக்கு மேல குத்தவேண்டாம். பூ வைக்கிறதும் அப்பிடித்தான், மல்லிகைச் சரத்தின்ர ஊசியைப் பின்னலில கொழுவுங்கோ, லேஸுக்குள்ளால ஊசி போனா அந்த ஓட்டை நாளைக்கு நாள் பெருக்கும்.

காசைப் பாக்கேக்க ஒரு துண்டின்ர விலையைப் பாக்காதேங்கோ, மாசத்தால பிரிச்சுப் பாருங்கோ. மலிவான மெல்லிசு ஸ்கின் வருசத்துக்கு ஆறேழுக்குக் குறையாம வேணும், கலப்பு மோனோ ரெண்டு காணும், அதுக்கு மேல ஒவ்வொரு பார்சலுக்கும் கூலியும் கஸ்டம்ஸ் வரியும் இருக்கு. முதல் துண்டை மட்டும் கொழும்பில ஒரு கைதேர்ந்த ஆள்ட்ட வெட்டி, ஒட்டிக் காட்டச் சொல்லுங்கோ, தலை அளவை சாப்பாடு மூடுற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் (கிளிங் ராப்) செலோடேப்பும் வச்சு அச்செடுத்து வீட்டில பத்திரமா வையுங்கோ, பிறகு நீங்களே ஓடர் பண்ணலாம். சொல்லிச் செய்விக்கிற துண்டு எண்டா கையால முடிச்சுப் போட்டு வர மாசக்கணக்கு எடுக்கும், அதால முதல் துண்டு தலையில ஏறின கிழமையே ரெண்டாவதுக்குச் சொல்லிப்போடுங்கோ.